எட்டவுன்ஸ் பாட்டிலில் ஏழு கோடு

வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணி என்றாலே ஹெட் நர்ஸ் ரெங்கம்மாளுக்கு எரிச்சல் வந்தது. இருபத்தாறு வருஷம் ஊசி போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, மகள் வயசுப் பெண் ஒருத்தி குழம்புக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று பாடம் நடத்துவதைக் கேட்க வேண்டுமென்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதுவும் ரெங்கம்மாள் வைக்கிற மீன் குழம்பைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஆள் ஆளுக்குப் பேசிக்கொள்வார்கள். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்தால் வாசம் மாடி வார்டு வரை போகும்.

தல்லாகுளத்தில் இருந்த அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் இந்த வகுப்பு தொடங்கியது. நெஞ்சுவலி வார்டிலிருந்து கும்பிட்டு விடைபெற்றுப் போனவர்களே ஆறு மாதத்தில் மறுபடி கும்பிட்டுக்கொண்டு வந்து படுப்பதைப் பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். மருந்து கொடுக்கிறவர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒருநாள் முடிவு கட்டினார். டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் என்று ஒருத்தரையும் விடவில்லை. எல்லோரும் வர வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்று உத்தரவு.

பாடம் நடத்த வந்தவள் முருகம்மாள். திருமங்கலத்துப் பக்கத்துப் பெண். மனையியல் படித்தவள். அவள் அறை வாசலில் ‘டயட்டீஷியன்’ என்று பலகை மாட்டியிருந்தது. பாதிப் பேருக்கு அந்த வார்த்தை வாயில் நுழையாததால் சாப்பாட்டு டாக்டர் என்று கூப்பிட்டார்கள். பழைய எக்ஸ்ரே அறையைக் கழுவிவிட்டு, ஒரு கரும்பலகை, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு வாணலி, பெஞ்சுகள் எல்லாம் போட்டு வகுப்பறை ஆக்கியிருந்தாள்.

முதல் வகுப்பிலேயே அவள் கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டாள்: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று ஸ்பூன் எண்ணெய் போதும். பெஞ்சில் சலசலப்பு எழுந்தது.

“மூணு ஸ்பூனா? எனக்கு அது தோசைக்கல்லுக்கே காணாதே!” என்றார் கம்பவுண்டர் பேயாண்டி. மருந்து கலக்கிக் கலக்கியே தலை நரைத்தவர்.

“காணும்ணே. வனஸ்பதி, நெய்யி, கறியில இருக்கற கொழுப்பு, வறுத்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சறது, இதுகதான் ரத்தக் குழாயில போயி உக்காருது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அம்புட்டு மோசமில்ல. ஆனா மோசமில்லைங்கறதுக்காகக் குடம் குடமா ஊத்தக் கூடாது” என்றாள் முருகம்மாள்.

ரெங்கம்மாள் நோட்டில் ‘3 ஸ்பூன்’ என்று மட்டும் குறித்துக்கொண்டு நோட்டை மூடினாள். அதற்கு மேல் அந்தப் பெண்ணிடம் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை என்பது அவள் எண்ணம்.

உண்மையில் அவள் எரிச்சலுக்குக் காரணம் வகுப்பு இல்லை, வீடு.

பழங்காநத்தத்தில் இரண்டு அறை வீடு. மகளைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. ரெங்கம்மாளும் புருஷன் காசிமாயனும் மட்டும்தான். முப்பது வருஷம் தேனி ரோட்டில் பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர் காசிமாயன். வைகாசி மாதம் ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரெங்கம்மாளின் வார்டிலேயே பதினொன்றாம் நம்பர் கட்டிலில் பன்னிரண்டு நாள் படுத்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது பெரிய டாக்டர், எண்ணெயைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்.

ரெங்கம்மாள் குறைக்கவில்லை. அடியோடு நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து இரண்டே பேர் இருக்கும் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. புதிதாக வாங்கிய ஸ்டவ்வில் சின்னச் சட்டி வைத்து அவருக்கு வேகவைத்த காய், தாளிக்காத பருப்பு, பால் இல்லாத கஞ்சி. பெரிய அடுப்பில் தனக்கு வழக்கமான குழம்பு. அவருக்கு வாசம் போய்விடக் கூடாது என்று அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவசர அவசரமாகச் சாப்பிடுவாள்.

முதல் மாதம் காசிமாயன் சண்டை போட்டார். தட்டைத் தள்ளினார், ஒரு நாள் சட்டை போட்டுக்கொண்டு ரோட்டுக்கடைக்குக் கிளம்பி வாசல்வரை போனார். இரண்டாம் மாதம் முணுமுணுத்தார். மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்றுமே சொல்வதில்லை. வைத்ததில் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கையைக் கழுவிவிடுவார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

நர்சாக இருப்பதில் ஒரு கெடுதல், எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்துவிடுகிறது. சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்று சண்டை போடுகிற நோயாளியைப் பற்றி ரெங்கம்மாள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. சண்டையை விட்டுவிட்ட ஆளைத்தான் அவள் ராத்திரி ரவுண்டில் இரண்டு தடவை போய்ப் பார்ப்பாள். ஆவணி பிறந்த அன்று காசிமாயன் சாதாரணமாகச் சொன்னார்:

“இந்தத் தீவாளிக்கு எனக்கு வேட்டி சட்டையெல்லாம் எடுக்காத. இருக்கறதே தொளதொளன்னு கெடக்கு. எதுக்கு வீணா?”

வருஷா வருஷம் தீபாவளி வேட்டிக்கு ஒரு மாதம் முன்னாலேயே கரை பார்க்கிற மனுஷன் அவர். ரெங்கம்மாள் அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வார்டில் நாலு பேரைத் திட்டினாள். வீட்டில் ஒரு நோயாளியைச் சாப்பிட வைக்க முடியாத ஹெட் நர்ஸ் என்று யாராவது சொல்லிவிட்டால் அவளால் தாங்க முடியாது.

மூன்றாவது வியாழக்கிழமை. முருகம்மாள் பாடத்தைத் தொடங்குவதற்குள் பேயாண்டி ஒரு ஆளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். செல்லூரில் பவர்லூம் ஓட்டுகிற முத்துக்கருப்பன். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் நெஞ்சுவலி வார்டிலிருந்து போனவர். கையில் காலி பாட்டில் ஒன்று இருந்தது.

“இவரு மருந்து தீர்ந்துபோச்சுன்னு என் ஜன்னல்ல வந்து நிக்கிறாரும்மா. என்ன மருந்துன்னு நீங்களே கேளுங்க” என்றார் பேயாண்டி. சிரிப்பை அடக்கியதில் அவர் மீசை ஆடியது.

முத்துக்கருப்பன் கும்பிட்டார். “சீட்டுல எழுதின மாதிரியே குடிச்சிட்டேன் தாயி. காலைல ஒரு ஸ்பூன், மத்தியானம் ஒரு ஸ்பூன், ராத்திரி ஒரு ஸ்பூன். மொத ரெண்டு நாள் கொமட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கப் பழகிட்டேன். வயித்தால போறது மட்டும் நிக்க மாட்டேங்குது. செக்குல ஆட்டின கடலை எண்ணெய் வாங்கிக் கட்டுபடியாகல. ஆஸ்பத்திரியிலயே குடுத்தா நல்லாருக்கும்.”

“வீட்டுல சமையலுக்கு?” என்று கேட்டாள் முருகம்மாள்.

“அது எப்பவும் போலத்தான். மருந்து வேற, சாப்பாடு வேறயில்லையா?”

வகுப்பு வெடித்தது. சின்ன டாக்டர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். நர்ஸ் சோணையம்மாளுக்கு விக்கலே வந்துவிட்டது. பேயாண்டி அந்தச் சீட்டை விரித்து மேஜைமேல் வைத்தார். ‘கடலை எண்ணெய் – 1 ஸ்பூன் – தினம் 3 வேளை – சாப்பாட்டுக்குப் பின்.’

ரெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அது அவள் கையெழுத்து. இருபத்தாறு வருஷமாக மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதி எழுதிப் பழகிய கை, வீட்டுக்குப் போகிறவருக்கு எழுதும்போது மூன்று ஸ்பூனைத் தானாகவே பிரித்து எழுதிவிட்டது. பேயாண்டிக்கு அந்தக் கையெழுத்து தெரியாமலா இருக்கும்? தினமும் அதைப் படித்துத்தான் மருந்தே கலக்குகிறார். அவர் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

முருகம்மாளும் கேட்கவில்லை. “தப்பு என் பேர்லதான். எம்புட்டுன்னு சொன்னேன், எங்க ஊத்தணும்னு சொல்லல. அண்ணே, நீங்க இனிமே எண்ணெய் குடிக்கக் கூடாது. அப்படி உக்காருங்க, இன்னைக்கு எங்ககூடச் சாப்பிட்டுப் போங்க” என்று முத்துக்கருப்பனை முன் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

அன்றைக்குப் பாடம் எழுத்தில் இல்லை. ஒரு தூக்குச்சட்டியில் எண்ணெயை வைத்து, “அவங்கவங்க வீட்டுல ரெண்டு பேருக்குக் குழம்பு வைக்கிறதா நெனச்சு, வழக்கமா ஊத்தற மாதிரி இந்த வாணலியில ஊத்துங்க” என்றாள் முருகம்மாள். ஊற்றியதை மருந்து அளக்கிற அவுன்ஸ் கிளாஸில் சாய்த்து அளந்தாள்.

சின்ன டாக்டர் கல்யாணமாகாதவர். எண்ணெய்ச் சட்டியைக் கையில் வாங்கியதே அன்றுதான். பயந்து பயந்து பத்துச் சொட்டு விட்டார். “இதுல கடுகு நனையாது டாக்டர்” என்றாள் முருகம்மாள். சோணையம்மாள் ஊற்றியது இரண்டு அவுன்ஸ். ரெங்கம்மாளின் முறை வந்தது. அவளுக்கு யோசிக்கவே தெரியாது, கை தெரிந்து ஊற்றும். வாணலியில் ஒரு வட்டம், அப்புறம் அரை வட்டம்.

முருகம்மாள் அளந்தாள். கிளாஸ் மூன்று தடவை நிறைந்து, நாலாவது தடவை பாதிக்கு வந்தது.

“மூணரை அவுன்ஸ். ஸ்பூன் கணக்குல இருபத்தொண்ணு. ரெண்டு பேருக்கா சிஸ்டர்?”

“ஆமா” என்றாள் ரெங்கம்மாள். பொய். அந்தக் குழம்பை அவள் ஒருத்திதான் சாப்பிடுகிறாள். தனக்கு இருபத்தொன்று, அவருக்குச் சைபர். அந்தக் கணக்கு அப்போதுதான் அவள் மனசில் விழுந்தது.

முருகம்மாள் ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. வெங்காயத்தை எண்ணெயில் நீந்தவிடாமல் துளி எண்ணெயில் போட்டு, கை நிறையத் தண்ணீர் தெளித்து, மூடி போட்டாள். வெங்காயம் தன் தண்ணீரிலேயே வெந்து நிறம் மாறியது. காய், புளி, மசாலா எல்லாம் கொதித்து இறங்கிய பிறகுதான் தாளித்தாள். சின்னக் கரண்டியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. குழம்பின்மேல் கொட்டியதும் சட்டென்று மூடினாள்.

“மொதல்லயே ஊத்தினா எண்ணெய் அடியில போயிரும், வாசம் வெளிய போயிரும். கடைசியில ஊத்தினா நாக்குல மொதல்ல படறது அதுதான். ஒரு ஸ்பூன் எண்ணெய் நாலு ஸ்பூன் வேலை பார்க்கும்.”

மூடியைத் திறந்தபோது முத்துக்கருப்பன் எழுந்தே நின்றுவிட்டார். ஆளுக்கு ஒரு கைச் சோறு. பேயாண்டி தட்டை வழித்தார். ரெங்கம்மாள் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே ஒரு வாய் வைத்தாள். உப்பு ஒரு கல் குறைச்சல், வேறொன்றும் சொல்வதற்கில்லை. அவளுக்கு அதில் கோபமும் வந்தது, ஆறுதலும் வந்தது.

வகுப்பு கலைந்தது. பேயாண்டி மட்டும் கை கழுவிக்கொண்டு நின்றார். ரெங்கம்மாள் கரும்பலகையைப் பார்த்தபடியே கேட்டாள்:

“ஏம்மா, எண்ணெயே இல்லாமச் சாப்பிட்டா நல்லதுதானே?”

“அதுவும் தப்பு சிஸ்டர். கீரையில, காரட்டுல இருக்கற சத்தை உடம்பு எடுத்துக்கறதுக்கே கொஞ்சம் எண்ணெய் வேணும். அதைவிட, வாய்க்கு வெளங்கலைன்னா சோறு எறங்காது. சோறு எறங்கலைன்னா ஆளு எளைச்சுப்போவாரு. யாருக்குக் கேக்குறீக?”

“பதினொண்ணாம் பெட்டுக்கு” என்றாள் ரெங்கம்மாள், யோசிக்காமல்.

பேயாண்டி குழாயை மூடினார். தினமும் காலையில் கட்டில் கட்டிலாகப் போய் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதுகிறவள் முருகம்மாள். பதினொன்றாம் கட்டில் நாலு நாளாகக் காலி என்று அவளுக்குத் தெரியும். அவள் ரெங்கம்மாளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியை எடுத்து மேஜையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“பதினொண்ணாம் பெட்டுக்கு வீட்டுல தனியாச் சமைக்கிறாகளா சிஸ்டர்?”

“தனிச் சட்டிதான். தனி அடுப்பு.”

“சமைக்கிறவுக?”

“அவுக வேற சாப்பிடுவாக.”

“அப்ப மருந்து ரெண்டு பேருக்கும் எழுதணும்” என்றாள் முருகம்மாள். “சமைக்கிறவுகளுக்கும் அதே மூணு ஸ்பூன்தான். ஒரே சட்டி, ஒரே குழம்பு. அந்தம்மாவால முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

ரெங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. அந்தம்மாவால் முடியாதா? இந்தப் பொண்ணு என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

நேராக மருந்து அறைக்குப் போனாள். பின்னாலேயே பேயாண்டியும் வந்துவிட்டார்.

“பேயாண்டிண்ணே, ஒரு எட்டவுன்ஸ் பாட்டில் கழுவிக் குடுங்க. ஏழு டோஸுக்குக் காகிதம் வெட்டி ஒட்டுங்க.”

மிக்சர் மருந்து கொடுக்கும்போது பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு நீளக் காகிதத்தை ஒட்டுவார்கள். ஓரத்தில் கத்தரியால் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கோடு பார்த்துக் குடித்துவிடுவார்கள். பேயாண்டி கண்ணை மூடிக்கொண்டே வெட்டுவார்.

“ஒரு டோஸு எம்புட்டு?”

“ஆளுக்கு மூணு ஸ்பூன், ரெண்டு பேருக்கு ஆறு. ஒரு அவுன்ஸ்.”

பேயாண்டி காகிதத்தை மடித்து வெட்டினார். ஒட்டி, ஊதி, காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நீட்டினார். கூடவே பையிலிருந்து அந்தச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

“காசிமாயண்ணனைக் கேட்டதாச் சொல்லுத்தா” என்றார்.

அன்று சாயங்காலம் காசிமாயன் அந்தப் பாட்டிலை மேலும் கீழும் பார்த்தார். முகம் சுருங்கியது.

“இன்னொரு மருந்தா?”

“மருந்தில்ல. எண்ணெய்.”

“யாருக்கு?”

“ரெண்டு பேருக்கும். ஒரு நாளைக்கு ஒரு கோடு. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை.”

“ஒனக்குமா?”

“எனக்கும்தான்.”

காசிமாயன் அவளையே பார்த்தார். வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி வந்தது. அந்த வீட்டில் மூன்று மாதமாக யாரும் கேட்காத சிரிப்பு. “ஆத்தாடி! இது ஒனக்குத் தாளிக்கவே காணாதேடி! அடுத்த வியாழக்கிழமைக்குள்ள நீதான் பதினொண்ணாம் நம்பர்ல போய்ப் படுப்ப!”

“சிரிங்க, சிரிங்க” என்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

ஒரே அடுப்பில் ஒரே சட்டியில் முருங்கைக்காய்க் குழம்பு வைத்தாள். தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, கடைசியில் தாளித்தாள். இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரிமாறினாள். காசிமாயன் முதல் வாயை மென்றார், இரண்டாவது வாயை மென்றார். மூன்றாம் தடவை சோறு கேட்டபோது ரெங்கம்மாள் சோற்றுச் சட்டியையே அவர் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

“இம்புட்டு நாளும் சாப்பிடலையே, எண்ணெய் இல்லைன்னுதானே கோவம்?” என்று கேட்டாள்.

“எண்ணெய்க்கா நான் கோவிச்சேன்?” காசிமாயன் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார். “கல்லு மண்ணைத் தின்னுக்கிட்டு பஸ் ஓட்டினவன் நான். நீ கதவைச் சாத்திக்கிட்டுத் தனியாத் தின்ன. எனக்குன்னு ஒரு ஓரத்துல சின்னச் சட்டி. எங்க ஊர்ல இனிமே தேறாதுன்னு முடிவு பண்ணின ஆளுக்குத்தான் அப்படித் தனிச் சட்டி வைப்பாக. நீ நர்ஸு. ஒனக்குத் தெரிஞ்சுதான் வைக்கிறன்னு நெனச்சிட்டேன்.”

ரெங்கம்மாள் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பேருக்கு நாடி பிடித்துப் பார்த்திருக்கிறாள்! இந்த ஒரு மனுஷன் மூன்று மாதமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாகப்போகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. சாப்பிட்ட கையோடு எழுந்து போய், சின்னச் சட்டியையும் ஸ்டவ்வையும் தூக்கிப் பரணில் போட்டாள்.

மறுநாளிலிருந்து பாட்டிலின் பொறுப்பைக் காசிமாயன் எடுத்துக்கொண்டார். டீசலைக் குச்சி விட்டுப் பார்த்தே ஆயுசைக் கழித்தவர் அல்லவா? தினமும் பொழுது சாயும்போது பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். “இன்னைக்கு வண்டி நல்ல மைலேஜ் குடுத்திருக்கு” என்பார். வெள்ளிக்கிழமை ரெங்கம்மாள் பழைய ஞாபகத்தில் ஒரு வட்டம் ஊற்றப்போனபோது, “ஏய், ஏய், பிரேக்கு!” என்று முற்றத்திலிருந்து கத்தினார். அவளுக்கு அப்படி ஒரு கோபம். முருகம்மாளை, பேயாண்டியை, அந்தக் காகிதத்தைக் கண்டுபிடித்தவனை எல்லோரையும் சேர்த்துத் திட்டினாள். ஆனால் பாட்டிலை நிமிர்த்திவிட்டாள்.

சனிக்கிழமை ராத்திரிக்கு இட்லி அவித்து, எண்ணெய் இல்லாமல் தக்காளிச் சட்னி அரைக்கச் சொன்னார் காசிமாயன். பாட்டிலில் அரைக் கோடு மிச்சம் நின்றது.

“நாளைக்கு அயிரை மீன் வாங்கிட்டு வாரேன். ஒன்றரைக் கோடு இருக்கு. ஒன்றரைக் கோட்டுல வச்சுக் காட்டு, பாப்போம்.”

சவாலுக்கு அழைத்தால் ரெங்கம்மாள் விடுவாளா? மறுநாள் மண்சட்டியில் மீன் குழம்பு வைத்தாள். எண்ணெய் மிதக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு ஒச்சாயி சுவருக்கு மேலே தலையை நீட்டி, “என்னக்கா, மீன் கொழம்பா?” என்று கேட்டாள். ரெங்கம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. காசிமாயன் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். சட்டியில் ஒட்டியிருந்ததையும் சோற்றைப் போட்டுப் பிசைந்து வழித்தார். பிறகு, புளி கொஞ்சம் தூக்கல் என்று குற்றம் சொன்னார். குற்றம் சொன்னாரே, அதைக் கேட்டு அவளுக்கு எவ்வளவு சந்தோஷம்!

அடுத்த வியாழக்கிழமை வகுப்பில் முருகம்மாள் சாதாரணமாகக் கேட்டாள்: “பதினொண்ணாம் பெட்டு எப்படி இருக்கு சிஸ்டர்?”

ரெங்கம்மாள் பதில் சொல்வதற்குள் சின்ன டாக்டர் முந்திக்கொண்டார். அந்தக் கட்டிலுக்கு முந்தின நாள்தான் அவர் ஒரு ஆளைச் சேர்த்திருந்தார். “பிரஷர் இறங்கியிருக்கு, ராத்திரி நல்லாத் தூங்கினார், ஆனா...”

“டாக்டர், உக்காருங்க. நீங்க சொல்றது வேற பதினொண்ணு” என்று ரெங்கம்மாள் எழுந்தாள். நாலாக மடித்த சீட்டை எடுத்து எல்லோரும் பார்க்க விரித்தாள்.

“முத்துக்கருப்பனை எண்ணெய் குடிக்க வச்சது நான்தான். இது என் கையெழுத்து. இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன். நான் கேட்டது எங்க வீட்டுக்காரருக்கு. மூணு மாசமா அவருக்குச் சொட்டு எண்ணெய் காட்டாம, நான் மட்டும் இருபத்தொரு ஸ்பூன் ஊத்தித் தின்னேன். இப்ப ரெண்டு பேரும் ஒரே சட்டியில சாப்பிடுறோம். அவரு தெனம் மூணு தடவை சோறு கேக்குறாரு.”

யாரும் சிரிக்கவில்லை. சோணையம்மாள் மெல்ல, “அந்தக் காகிதம் எங்க வீட்டு எண்ணெய்ப் பாட்டிலுக்கும் வேணும் சிஸ்டர். நாங்க அஞ்சு பேரு” என்றாள். அதைக் கேட்டதும், எனக்கு ஆறு பேருக்கு, எனக்கு நாலு பேருக்கு என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். “கத்தரியைச் சாணை பிடிக்கணும்போல” என்றார் பேயாண்டி. இனி வீட்டுக்குப் போகிற நோயாளிக்குச் சீட்டில் எழுதுவதை விட்டுவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு, கோடு போட்ட பாட்டிலையே கொடுத்தனுப்பலாம் என்று முருகம்மாள் சொன்னாள்.

அந்தச் சந்தடியில் வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். காசிமாயன். கையில் காலி எட்டவுன்ஸ் பாட்டில். எண்ணெயில் ஊறிக் காகிதம் பாதி பிய்ந்து தொங்கியது.

“கோடு கிழிஞ்சுபோச்சு. புதுசு ஒட்டிக்கலாம்னு வந்தேன்” என்றார். பிறகு முருகம்மாளைப் பார்த்து, “நீங்கதானம்மா சாப்பாட்டு டாக்டர்? ஒரு சந்தேகம். வாரத்துக்கு ஏழு கோடு சரி. தீவாளிக்கு எத்தனை கோடு? பலகாரம் சுடணுமில்ல?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. முருகம்மாள் சிரித்துக்கொண்டே கரும்பலகைப் பக்கம் திரும்பி, வாரத்துக்கு அரைக் கோடு மிச்சம் பிடித்தால் ஐப்பசிக்குள் எத்தனை கோடு சேரும் என்று கணக்குப் போடத் தொடங்கினாள். காசிமாயன் அவளோடு பேரம் பேச ஆரம்பித்தார்.

ரெங்கம்மாளுக்குக் கணக்கு ஒன்றும் காதில் விழவில்லை. தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துச் சுடப்போகிற பலகாரத்துக்கு இந்த மனுஷன் இப்போதே எண்ணெய் சேர்க்கிறார்.

“நாளைக்கு வேட்டி எடுக்கப் போவோம்” என்றாள் சத்தமாக.

சாப்பாட்டுப் பாடத்தில் வேட்டி எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் யாருக்கும் புரியவில்லை. காசிமாயனுக்குப் புரிந்தது. பாட்டிலைப் பேயாண்டியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

“பச்சைக் கரையா இருக்கட்டும்” என்றார்.